காட்டுக்குள் இரண்டு கிழமை தங்கி எழுத முடியுமா?

கடலோர ரயில் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மனதில் கிடக்கும் விஷயம் இது. கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் ஓவியர்கள், எழுத்தாளர்கள், இசைக் கலைஞர்களை அழைத்துத் தங்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி என்பார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் நடக்கிறது. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமை. தங்க ஒரு வீடோ குடிலோ தருவார்கள், சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிலுக்குப் பூங்காவுக்கு வருகிறவர்களோடு ஒன்றிரண்டு தடவை பேச வேண்டும், அங்கே பிறந்த ஆக்கம் ஒன்றைப் பூங்காவுக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதில் என்னைப் பிடித்து வைத்திருப்பது ஐல் ரோயல். சுப்பீரியர் ஏரிக்கு நடுவில் ஒரு தீவு. படகிலோ நீரில் இறங்கும் சிறு விமானத்திலோதான் போக முடியும். நவம்பரில் மூடினால் ஏப்ரல் நடுவில்தான் திறப்பார்கள். கலைஞருக்குக் கொடுக்கும் குடிலில் மின்சாரமும் இல்லை, குழாயும் இல்லை. ஏரித் தண்ணீரை அள்ளி வந்து வடிகட்டிக் குடிக்க வேண்டும். அந்தத் தீவில் ஓநாய்கள் எத்தனை, மூஸ் என்கிற பெரிய மான்கள் எத்தனை என்று 1958இலிருந்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்து வருகிறார்கள். அப்படிப் பொறுமையாக ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போல இருக்கிறது.

நான் இருப்பது மூன்றாம் மாடி. ஒரு பக்கம் காலி வீதி, மறுபக்கம் தண்டவாளமும் கடலும். பகலில் மொழிபெயர்ப்பு வேலை. கதை எழுதுவது இரவு பத்தரைக்குப் பிறகு, பிள்ளை தூங்கிய பின், சமையலறை மேசையில். பன்னிரண்டு வருடத்தில் பதினொரு கதை. நல்லதோ கெட்டதோ, ஒவ்வொன்றையும் அரைகுறை விழிப்பில் எழுதியிருக்கிறேன். பகல் வெளிச்சத்தில், யாரும் கூப்பிடாத நேரத்தில் எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கேள்வி இரண்டு. அங்கே விண்ணப்பித்துப் பார்த்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அதைவிட முக்கியமாக, இதை ஏன் நாங்கள் இங்கே செய்யக்கூடாது? போன வருடம் ஓர் அலுவலகத்துக்குப் போய், எழுதுவதற்காக இரண்டு கிழமை ஒரு சரணாலயப் பங்களாவில் தங்கலாமா என்று கேட்டேன். சுற்றுலாப் பயணிக்கு ஒரு படிவம், ஆய்வாளருக்கு ஒரு படிவம், நீங்கள் இரண்டிலும் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுதேன்.

---

சுருக்கெழுத்து

அக்கா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை.

யுத்த காலத்தில் கொட்டாஞ்சேனை லொட்ஜ் அறைகளில் ஆறு பேர் வரிசையாகப் படுத்த இடத்தில், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தபடி எழுதியவர்களை எனக்குத் தெரியும். பொலிஸ் பதிவுத் துண்டின் பின்பக்கத்தில் கவிதை எழுதிய ஒருவரோடு ஒரே அறையில் இருந்திருக்கிறேன். அவர்களுக்கு ஏரியும் இல்லை, குடிலும் இல்லை. எழுத்து வர வேண்டுமானால் எங்கிருந்தும் வரும். இப்படியொரு ஏற்பாட்டுக்குப் பணம் கிடைத்தால், கையெழுத்துப் பிரதியாக அலுமாரியில் கிடப்பவற்றை அச்சில் கொண்டுவர அதைச் செலவழிப்பதுதான் நியாயம்.

---

ஏட்டுச்சுவடி (பம்பலப்பிட்டி)

முதல் கேள்விக்கு என்னால் முடிந்தது. நூலகத்தில் வேலை செய்வதால் இவற்றைத் தேடிப் படிக்கும் பழக்கம் உண்டு.

ஒவ்வொரு பூங்காவும் தன் ஏற்பாட்டைத் தானே நடத்துகிறது. பொது விண்ணப்பம் என்று ஒன்று இல்லை. ரொக்கி மலைப் பூங்காவில் கொடுப்பது, வில்லியம் அலன் வைட் என்ற பத்திரிகை ஆசிரியர் 1912இலிருந்து கோடைக்கு வந்து தங்கி எழுதிய குடில். அங்கே இரண்டு கிழமை. சில இடங்களில் குடில் கூட இல்லை, பூங்கா ஊழியர் விடுதியில் ஓர் அறைதான். ஆகவே முதலில் பூங்காவைத் தெரிவுசெய்யுங்கள், பிறகு அதன் விதிகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். வெளிநாட்டவரை எடுப்பார்களா என்பதையும் அந்தந்தப் பூங்காவிடமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அவர்கள் ஏன் கலைஞர்களைக் கூப்பிடுகிறார்கள் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1871இல் யெலோஸ்டோன் பகுதியை அளக்கப் போன ஹேடன் குழுவோடு தோமஸ் மொரான் என்ற ஓவியரும் வில்லியம் ஹென்றி ஜக்சன் என்ற படப்பிடிப்பாளரும் போனார்கள். வெந்நீர் ஊற்று வானத்துக்குப் பாய்கிறது என்று வாயால் சொன்னபோது நம்பாதவர்கள் படங்களைப் பார்த்தார்கள். அடுத்த வருடம், 1872 மார்ச்சில், யெலோஸ்டோன் தேசியப் பூங்காவானது. மொரானின் பெரிய ஓவியத்தை நாடாளுமன்றமே பத்தாயிரம் டொலருக்கு வாங்கியது. காட்டைக் காப்பாற்ற ஓர் ஓவியனின் கை தேவைப்பட்டது என்பதை அவர்கள் மறக்கவில்லை.

இன்னொரு பாதியையும் சொல்ல வேண்டும். அந்த நிலத்தில் ஷோஷோனி மக்களில் ஒரு பிரிவினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். பூங்கா வந்து பத்து வருடம் ஆவதற்குள் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பூங்கா என்ற எண்ணத்துக்கு அடியில் இது கிடக்கிறது. எங்கள் நாட்டிலும் மாதுறு ஓயாவை 1983இல் தேசியப் பூங்காவாக்கியபோது வேடர் சமூகம் வேட்டைக்கும் தேனுக்கும் போன காடு ஒரே நாளில் தடை செய்யப்பட்ட இடமானது. காட்டில் போய் உட்கார்ந்து எழுதுகிறவர் இதையும் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும் என்பது என் எண்ணம்.

---

பனிக்காடு (கொட்டாஞ்சேனை)

அக்கா, இங்கே என்றால் ஹோட்டன் சமவெளியை யோசியுங்கள். மற்றச் சரணாலயங்கள் பெரும்பாலானவற்றில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. உள்ளே தங்காவிட்டால் காலை ஆறுக்குப் போய் மாலை ஆறுக்கு வெளியே வந்துவிட வேண்டும். ஹோட்டனில் நடக்கலாம். எழுதுகிறவருக்கு நடை வேண்டும் அல்லவா?

எங்கள் தாத்தா ஒகிய பக்கத் தோட்டத்தில் இருந்தவர். அந்தச் சமவெளியில் அறுபதுகளில் விதை உருளைக்கிழங்கு போட்டார்கள். அந்த வேலைக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். பனி விழுந்த காலையில் புல் கண்ணாடித் தூள் போல நொறுங்குமாம், வெறுங்காலோடு நடந்தால் குதிகால் வெடித்து இரத்தம் வருமாம். பிறகு 1988இல் அது தேசியப் பூங்காவானது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் அங்கிருந்துதான். கொழும்பில் நாங்கள் குடிக்கும் களனித் தண்ணீர் தாத்தா நடந்த புல்லிலிருந்து வருகிறது என்பதை நான் முப்பது வயதில்தான் அறிந்தேன். மலையகத் தமிழில் அந்தச் சமவெளியைப் பற்றி யாராவது ஒரு மாதம் இருந்து எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

---

மருதமரம் (தெஹிவளை)

நான் எழுத்தாளன் இல்லை, கணக்காளன். ஆனால் வில்பத்து தேசியப் பூங்காவில் மூன்று இரவு தங்கியிருக்கிறேன். அங்கே நடந்ததைச் சொன்னால் உங்கள் கேள்விக்கு உதவும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களாக்களை யார் வேண்டுமானாலும் முன்பதிவு செய்யலாம். சுற்றுலாப் பயணிக்கான படிவம் போதும். சமைக்க ஆள் இருப்பார், சாமான் நாங்கள் கொண்டுபோக வேண்டும். அரிசி, பருப்பு, ரின் மீன், சீனி, தேயிலை, மெழுகுதிரி, படுக்கை விரிப்பு வரை. நாங்கள் நான்கு பேர். ஜூன் கடைசி. புத்தளத்தில் மரக்கறி வாங்கிக்கொண்டு, அநுராதபுரம் வீதியில் திரும்பி, ஹுணுவிலகம வாசலால் உள்ளே போனோம்.

வில்பத்து எங்கள் வீட்டில் பயத்தின் பெயர். 1988இல் மூடி 2003இல் திறந்தார்கள், 2006இல் மறுபடி மூடி 2010இல் திறந்தார்கள். 2006 மே மாதம் அங்கே வெடித்த கண்ணிவெடியில் எழுத்தாளர் நிஹால் டி சில்வா உயிரிழந்தார், உடன் போனவர்களும். காட்டை அவ்வளவு நேசித்து எழுதிய ஒருவரை அந்தக் காட்டிலேயே இழந்தோம். பாதையில் ஜீப் குலுங்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவுதான்.

முதல் நாள் நான் பார்த்ததெல்லாம் "காடு". வேறு சொல் என்னிடம் இல்லை. பச்சை, காய்ந்த பச்சை, மண் நிறப் பச்சை, அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலை, மழைநீர் தேங்கும் ஒரு வில்லுவின் கரையில் ஜீப்பை நிறுத்தி இயந்திரத்தை அணைத்தோம். வெண்மணல் விளிம்பு, நடுவில் தாமரை இலை, தூரத்தில் இரண்டு எருமை. எங்களோடு வந்த வழிகாட்டி அநுராதபுரப் பக்கத்து மனிதர், ஐம்பது வயது இருக்கும். மெதுவாகக் கையை நீட்டினார். ஒரு மரத்தின் கவட்டில் கரடி!

நாங்கள் நாற்பது நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களைப் பார்க்கவே இல்லை. ஒரு கிளையை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டு, உதட்டை நீட்டி, சின்ன மஞ்சள் பழங்களை ஒவ்வொன்றாக உறிஞ்சியது. உறிஞ்சும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கீழே உடைந்த கிளைகளும் எச்சமும். "பலு" என்றார் வழிகாட்டி. மரத்தின் பெயர்.

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. என் அம்மம்மா நெடுங்கேணிப் பக்கம். ஆடி மாதம் அங்கிருந்து ஓலைப்பெட்டியில் பாலைப்பழம் வரும். தின்றால் பால் பிசுபிசுத்து உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தடவிவிடுவா. அந்தப் பாலை! சங்கப் பாடல்களில் திணைக்குப் பெயராக மட்டும் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய சொல், எங்கள் காட்டில் கரடி ஏறி உட்கார்ந்திருக்கும் மரமாக நின்றது. அங்கே வறண்ட நிலத்துக்கு வைத்த பெயர், இங்கே வறண்ட காட்டுக்குள் ஆடியில் இனிக்கிற மரம்.

அன்றிரவு பங்களா விறாந்தையில் விளக்கை வைத்துக்கொண்டு வழிகாட்டியும் நானும் உட்கார்ந்தோம். அவர் ஒரு பெயர் சொல்வார், நான் அம்மம்மாவின் வாயை நினைத்து ஒரு பெயர் சொல்வேன். அவருடைய வீர எங்களுக்கு வீரை. புருத்த முதிரை. களுவர கருங்காலி. திவுல் விளாத்தி. கும்புக் என்று அவர் வாசலில் நின்ற பெரிய மரத்தைக் காட்டியபோது எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. வெளிர் பட்டையைத் தொட்டுப் பார்த்து, ஆற்றோரத்தில் நிற்பது என்று அவர் சொன்ன பிறகு பிடிபட்டது. மருது. மடு மாதா கோயிலுக்குப் போகும்போது மருதமடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்த மரத்தை அதுவரை நான் பெயரோடு பார்த்ததில்லை.

அவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, நான் சொன்ன பெயர்களைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். தமிழ் ஆட்கள் வந்தால் காட்டுக்கு வந்தும் ஒன்றும் தெரியாமல் திரும்புகிறார்கள், அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சுருக்கெழுத்து சொல்வது உண்மை, எழுத்து லொட்ஜ் அறையிலும் வரும். ஆனால் அம்மம்மாவின் சொற்கள் லொட்ஜ் அறையில் எனக்குத் திரும்பி வரவில்லை. அவை அந்த விறாந்தையில் வந்தன.

---

பனிக்காடு

மருதமரம் அண்ணா, இதை இரண்டு தடவை படித்தேன். வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

---

கடலோர ரயில்

அண்ணா, நீங்கள் கணக்காளன் என்று சொன்னதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

இரவு எழுந்து என் பதினொரு கதைகளையும் எடுத்துப் பார்த்தேன். ஏழில் மரம் வருகிறது. "ஒரு பெரிய மரம்", "பெயர் தெரியாத மரம்", "காட்டு மரங்கள்". வேம்பும் பனையும் மட்டும் பெயரோடு இருக்கின்றன. ஒரு கதையில் வன்னிக்குள் இடம்பெயர்ந்து நடக்கும் ஒரு தாயை எழுதியிருக்கிறேன். இரண்டு பகல் முழுக்க அவள் காட்டு வழியே நடக்கிறாள். அவள் ஒரு மரத்தையும் பெயர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது, எனக்குத்தான் தெரியவில்லை. என் அறியாமையை அந்தத் தாயின் வாயில் வைத்துவிட்டேன். இது எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அமைதி வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்கினேன். அமைதி இப்போதும் வேண்டும். ஆனால் ஐல் ரோயலுக்குப் போனால் எனக்கு அங்கே கிடைக்கும் பெயர்கள் வேறொருவரின் மொழியில் இருக்கும். முதலில் வில்பத்துவுக்குத்தான் போக வேண்டும் போல இருக்கிறது.

---

முசலிக்காரன் (தெமட்டகொடை)

எல்லோருக்கும் சலாம், வணக்கம். இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். மருதமரம் நானா பாலைப்பழம் பற்றி எழுதியதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வில்பத்துவின் வடக்கு எல்லையில் மோதரகம் ஆறு. அதற்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர்கள். மரிச்சுக்கட்டி, பாலைக்குளி, கரடிக்குளி, கொஞ்சம் தள்ளி முள்ளிக்குளம். பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒன்றில் பாலை, அடுத்ததில் கரடி. நானா நாற்பது நிமிடம் பார்த்த காட்சி எங்கள் இரண்டு ஊர்களின் பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர்களும் கரடியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தானே.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களான நாங்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன். உம்மா கடைசிவரை எதைச் சொன்னாலும் "ஊரில் இப்படி இல்லை" என்றுதான் தொடங்குவா. யுத்தம் முடிந்து வாப்பாவும் நானும் போனபோது எங்கள் வளவைக் கண்டுபிடிக்க அரைநாள் பிடித்தது. இருபது வருடம் ஆள் இல்லாத இடத்தில் காடு என்ன செய்யுமோ அதைச் செய்திருந்தது. கிணற்றுக் கட்டுக்குள்ளிருந்து ஒரு மரம் மேலே வந்திருந்தது. வாப்பா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். 2012இல் அந்தப் பக்கத்தில் ஒரு பகுதி ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் வந்தது. அதன் பிறகு நாங்கள் காட்டை அழிக்கிறவர்கள் என்று பேசப்பட்டோம். என் மகன் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டுவிட்டு வந்து, வாப்பா, நாங்களா காட்டை வெட்டினோம் என்று கேட்டான்.

நான் காட்டுக்கு எதிரானவன் இல்லை. மரம் வெட்டி விற்கிறவர்களும் உண்டு, அவர்களை நான் நியாயப்படுத்தவும் மாட்டேன். யானையும் கரடியும் இருக்க வேண்டும். எங்கள் வாப்பா தேன் எடுக்கப் போனால் அடையில் பாதியை விட்டுவிட்டு வருவார், அடுத்த வருடமும் பூச்சி வர வேண்டும் என்பார். ஏட்டுச்சுவடி சொன்ன ஷோஷோனி மக்களின் கதையை வாசித்தபோது இரவு தூக்கம் வரவில்லை.

எழுத்தாளர்கள் காட்டில் தங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். தங்குங்கள். ஆனால் இரண்டு கிழமையில் ஒரு கிழமையை வேலிக்கு இந்தப் பக்கமும் இருங்கள். பங்களா இல்லை, எங்கள் வீடு இருக்கிறது. அந்த மரங்களின் பெயர் தெரிந்த கிழவர்கள் இன்னும் நாலைந்து பேர்தான் மிச்சம். என் வாப்பாவுக்கு எழுபத்தெட்டு.

---

சுருக்கெழுத்து

என் முதல் பதிவை அழிக்கவில்லை, அது இருக்கட்டும். ஆனால் முசலிக்காரன் எழுதிய கடைசி வரிக்குப் பிறகு அச்சகச் செலவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அலுமாரியில் இருப்பது காத்திருக்கும். கிழவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

வேலைக்கு வருவோம். அக்காவின் விண்ணப்பம் ஏன் திரும்பியது? ஏனென்றால் அவர்கள் கையில் அதற்குப் பொருத்தமான தலைப்பு இல்லை. தனி ஆளாகப் போய்க் கேட்டால் இப்படித்தான் நடக்கும். ஒரு கூட்டாக, என்ன கேட்கிறோம், என்ன திருப்பிக் கொடுப்போம் என்று எழுதிக் கொடுத்தால் யாராவது படிப்பார்கள். திருப்பிக் கொடுப்பதாக நான் நினைப்பது இது: பூங்கா வாசலில் வைக்கத் தமிழ்ப் பெயர்களோடு ஒரு மரப் பட்டியல். சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர், எந்த ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்பது வரை. அதைச் செய்ய எழுத்தாளர் வேண்டும், தங்க இடம் வேண்டும். அப்போது கேட்பதற்கு ஒரு நியாயம் இருக்கும்.

---

ஏட்டுச்சுவடி

நல்ல யோசனை. இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பங்களாக்கள் விடுமுறைக் காலத்தில் நிரம்பி வழியும், அப்போது எங்களுக்கு இடம் கேட்பது சரியில்லை. ஆள் குறைந்த மாதங்களைக் கேட்போம். மழையில் வில்லுகள் நிரம்புவதைப் பார்க்கத்தான் யாரும் போவதில்லை. அடுத்தது, திணைக்களத்துக்கு கிரித்தலையில் ஆய்வு, பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. மின்னேரியா பக்கத்தில், ஓகஸ்ட், செப்டெம்பரில் குளம் வற்ற வற்ற யானைகள் கூடும் இடம். காட்டுக்கு நடுவில் பங்களா கிடைக்காவிட்டால், அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி பெறும் ஊழியர்களுக்கு நடுவே ஒருவர் தங்கினாலும் நல்லதுதான். அவர்களில் வடக்கு கிழக்குப் பூங்காக்களுக்குப் போகிறவர்களுக்குத் தமிழ் தேவைப்படும். 2015இல் சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி எல்லாம் தேசியப் பூங்காக்களாகிவிட்டன.

கடிதத்தை நான் வரைகிறேன். தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு சனிக்கிழமை உட்காரலாமா?

---

பனிக்காடு

நான் வருகிறேன். ஹோட்டன் சமவெளிக்குத் தோட்டத்து ஆட்கள் சொல்லும் பெயர்களை அத்தைமாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன்.

---

கடலோர ரயில் (ஏழு கிழமைக்குப் பிறகு)

போய் வந்துவிட்டேன். சுற்றுலாப் பயணிக்கான படிவத்தில்தான், இரண்டே இரண்டு இரவு. அலுவலகத் தோழிகள் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, ஏட்டுச்சுவடி திரும்பவும் அனுப்பியிருக்கிறார்.

எழுத ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாளும் கேட்டுக் கேட்டுக் கொப்பியில் குறித்ததுதான். இரவில் வில்லுப் பக்கத்திலிருந்து தவளைச் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, இடையில் ஒரு தடவை புள்ளிமான் கூவியது. பங்களாவில் சமைத்தவர் விழித்திருந்து, சிறுத்தை நடக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். நான் போர்வைக்குள் இருந்தபடி காலை வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நேரம் தொடர்ந்து ஒன்றைக் கேட்டு எத்தனை வருடமாகிறது தெரியவில்லை.

கொப்பியில் முப்பத்தொரு பெயர். இருபத்தாறுக்குத் தமிழ் கிடைத்துவிட்டது, மருதமரம் அண்ணாவுக்கு நன்றி. மிச்சத்தில் ஒன்று மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பாதையோரத்தில் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் முள் பற்றை. இலை தொட்டாச்சுருங்கி போலப் பொடிப் பொடியாக இருக்கும். பூ விளக்குக் குஞ்சம் மாதிரித் தலைகீழாகத் தொங்குகிறது. மேல் பாதி ஊதா கலந்த இளஞ்சிவப்பு, கீழ் பாதி மஞ்சள். ஒரே பூவில் இரண்டு நிறம். வழிகாட்டி "அந்தர" என்றார். தமிழ் தெரியாது என்றார். யாருக்காவது தெரியுமா?

---

மருதமரம்

பார்த்திருக்கிறேன், பெயர் வாயில் வரவில்லை. அம்மம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பா.

---

முசலிக்காரன்

வாப்பாவிடம் இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன். ஊதாவும் மஞ்சளும் என்று பாதி சொல்வதற்குள் பிடித்துவிட்டார். அது விடத்தல். ஆட்டுக்கு நெற்றை உதிர்த்துப் போடுவோம், வேலிக்கு வெட்டிப் போட்டால் மாடு தாண்டாது என்றார். மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் விடத்தல்தீவைத் தாண்டித்தானே போக வேண்டும், அந்த ஊருக்கு வேறு எதனால் அந்தப் பெயர் என்று என்னைக் கேட்டார்.

அக்கா, மற்ற நாலு பெயரையும் அனுப்புங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்தால் ஆறுதலாகப் பேசுவார்.